மூன்று அறைக்கு மூன்று மாதிரி

விபேக்கா ஹோல்ம்ஸ்கோ தன் வாழ்நாளில் ஒருமுறைகூட சொதப்பல் கேக் கொண்டுவந்ததில்லை. அவள் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயங்களில் முதலாவது இது. இரண்டாவது என்ன என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதி அலுவலகங்களில் தப்புச் செய்தவனை யாரும் திட்டமாட்டார்கள். கோப்பைத் தொலைத்தவன், வேறொருவருக்குப் போகவேண்டிய கடிதத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பியவள், சனி ஞாயிறு முழுக்கக் காபி இயந்திரத்தைக் கொதிக்கவிட்டுப் போனவன், யாராக இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கேக் வைத்துவிட வேண்டும். அதைத் தின்று முடித்ததும் தப்பும் செரித்துவிடும். விபேக்கா வேலைபார்த்த கெர்ட்டின் நிறுவனத்தில் பதினோரு பேர். முதலாளி கெர்ட் உட்படப் பத்துப் பேர் கேக் சுமந்து வந்திருக்கிறார்கள். விபேக்கா இருபத்திரண்டு வருடமாகத் தின்றாள், அவ்வளவுதான்.

அவள் செய்த வேலை இது: ஒரு கருவியை மனிதர்கள் எப்படித் தொடுவார்கள், தொட்டால் அது என்ன பதில் சொல்லவேண்டும் என்று யோசித்து, கருவி பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு பொம்மை மாதிரி செய்து, சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டுவது. வேலையில் கெட்டிக்காரிதான், அதில் பொய்யில்லை. ஆனால் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தில் பாதி, எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு மூளை எவ்வளவு குறைவு என்று அளந்து பார்ப்பதில் கழிந்தது. அவள் அப்பா ஸ்கீவ் ஊரில் சோபா விற்றவர். விவசாயி வந்தால் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டுவார், டாக்டர் வீட்டம்மா வந்தால் துணியைத் தடவிக் காட்டுவார், புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தால் தானே விலகிக்கொண்டு அவர்களை உட்காரவிடுவார். மூன்று பேரும் வாங்கிப்போவது ஒரே சோபாவைத்தான். அந்தக் கடையில் வளர்ந்தவளுக்கு உலகமே ஒரு கடையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

"பணம் குடுக்கறவனுக்குப் படம், தொடப் போறவனுக்கு அட்டை, செய்யப் போறவனுக்கு அட்டவணை. மூணு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வச்சா கதை கந்தல்" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்வாள். நகர்மன்றத்து ஆட்களிடம் அட்டை மாதிரியை நீட்டுவது கழுதைக்குக் கற்பூரம் காட்டுகிற வேலை என்பது அவள் முடிவு. ஓட்டுநர்களிடமும் செவிலியர்களிடமும் பளபளக்கும் படத்தைக் காட்டினால் நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள். கணினி நிரல் எழுதுகிறவர்களோ, அவள் கணக்கில், மனிதர்களே இல்லை; கட்டம் போட்ட தாளைத் தின்று உயிர்வாழும் பிராணிகள்.

கெர்ட்டுக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது. கடலோரத்துக் கோடைவீட்டில் போய்ப் படகுக்கு வார்னிஷ் அடிக்கும் ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. பக்கத்து நகரத்தின் நாற்பது பேருந்துகளுக்கும் ஓட்டுநர் முன்னால் வைக்கப் புதுத் திரை செய்யும் வேலை கிடைத்தபோது அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"விபேக்கா, இதை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடு. கதவுல என் பேருக்குப் பக்கத்துல உன் பேரு. அப்புறம் என் பேரை எடுத்துடறேன்."

அன்று முதல் அவளுக்கு அந்தக் கதவைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பிப்ரவரியில் அட்டை மாதிரியோடு பேருந்துப் பணிமனைக்குப் போனாள். சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி, முன்னால் பழைய ஸ்டியரிங், அதன் வலப்பக்கம் அட்டைத் திரை. கதவு, நிறுத்தம், பயணச்சீட்டு, சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறுவதற்கான சாய்பலகை, எல்லாம் காகிதச் சதுரங்களாக ஒட்டியிருந்தன. முதலில் உட்கார்ந்தவர் ஓர்லா கெல்கோ. ஐம்பத்தெட்டு வயது ஆள், முப்பது வருட ஓட்டுநர். வெளியே நின்ற பேருந்திலிருந்து நேராக வந்தவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணை எதிர்ச் சுவரில் வைத்துக்கொண்டே வலக்கையை நீட்டினார். கை சாய்பலகைச் சதுரத்தைத் தாண்டிப் போய் மேசையில் இருந்த ஜாம் பாட்டிலில் இடித்தது.

"தாயி, ரோட்டுலேர்ந்து கண்ணை எடுக்காம தொடணும். இந்தக் கட்டம் எங்க இருக்குன்னு என் விரலுக்கு எப்படித் தெரியும்?"

"வேற எப்படி இருந்தா நல்லாருக்கும்?" என்றாள் விபேக்கா. அப்படித்தான் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஓர்லா அந்த ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே ஒட்டியிருந்த ஸ்ட்ராபெரியை நக்கிவிட்டு, அட்டையின் கீழ் வலது மூலையில் பிசின்நாடா போட்டு ஒட்டினார்.

"இது. திருகினா பலகை இறங்கணும். அவ்ளோதான். கையுறை போட்டாலும் தெரியும், மழையில நனைஞ்சாலும் தெரியும், என் கண்ணு போனாலும் தெரியும்."

"கண்ணு போனா வண்டியை யாரு ஓட்டுவா?" என்றாள் பின்னால் நின்ற லிஸ்ஸி. அவளும் ஓட்டுநர்தான்.

"நீ இப்ப எப்படி ஓட்டுறியோ அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து மூடியைத் திருகிப் பார்த்தார்கள், இன்னும் அரை அங்குலம் மேலே, இல்லை கீழே என்று சண்டை போட்டார்கள், பென்சிலால் குறித்தார்கள். விபேக்கா நோட்டுப் புத்தகத்தில் 'மூடி, கையுறை' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். ஓர்லா சொன்னது சரி என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரியாமல் செய்தவளை மன்னிக்கலாம். இவளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. போகிறபோது அட்டையை வாசலில் பழைய தாள் போடும் தொட்டிக்குள் செருகினாள். புகைப்படம் எடுத்தாயிற்று, குப்பையை எதற்குச் சுமக்கவேண்டும்?

ஆகஸ்டில் நகர்மன்றத்துக்குக் காட்டுவதற்கான காணொளிப் படம் எடுத்தார்கள். நல்ல வெயில். பேருந்து கழுவித் துடைத்து நின்றது. கண்ணாடித் திரையில் அந்தத் திருகு மூடியை வைத்துப் பார்த்தபோது முகத்தில் மரு முளைத்த மாதிரி இருந்தது. விபேக்கா அதை எடுத்துவிட்டாள். சாய்பலகைக்குத் திரையில் நான்கு முறை தொடவேண்டியிருந்தது: பட்டியல், கதவுகள், பலகை, கடைசியில் 'உறுதியா?' என்று ஒரு கேள்வி. படத்தில் அதை வெட்டி ஒரே தொடலாக ஒட்டினார்கள். தொட்ட கை அவளுடையதுதான். வெயிலில் காய்ந்த, வெளிர் ரோஜா நகப்பூச்சு போட்ட, ஸ்டியரிங்கையே பிடித்தறியாத கை.

படத்தைப் பார்த்த கெர்ட் கேட்டார். "அந்த மூடி எங்க?"

"அது அப்புறம். மொதல்ல நகர்மன்றம் ஆமான்னு சொல்லட்டும். அப்புறமா நைசா நுழைச்சிடலாம். அவங்களுக்கு ஜாம் மூடியைக் காட்டினா பாலர் பள்ளின்னு நினைச்சுப்பாங்க."

கெர்ட்டின் மனம் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தது. சரி என்றார்.

நகர்மன்றப் போக்குவரத்துக் குழுவின் தலைவி தோவா ராப்யேர், அறுபத்து மூன்று வயது. சாம்பல் கோட்டும் தடிமனான கண்ணாடியும் போட்டுக்கொண்டு அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். விபேக்கா அவளை ஒரு பார்வையில் எடைபோட்டு முடித்தாள்: பாவம், பளபளப்புப் பிடிக்கும். படம் ஓடியது. ரோஜா நகம் கண்ணாடியைத் தொட்டது, பலகை வெண்ணெய் போல வழுக்கி இறங்கியது. கைதட்டினார்கள்.

"இதை ஓட்டுநர்களும் பாத்தாங்களா?" என்று தோவா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்களோட உட்கார்ந்துதான் செஞ்சோம்" என்றாள் விபேக்கா.

உட்கார்ந்தது உண்மை. மீதியைக் காற்றில் விட்டாள். 'படத்தில் கண்டவாறே' என்று தீர்மானம் எழுதப்பட்டது. அந்த ஊரில் எல்லோருமாகத் தலையாட்டி எழுதிய தீர்மானத்தைப் பாறையில் செதுக்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் கழித்து மூடியை நைசாக நுழைக்கப் போனவளிடம் நகராட்சி அதிகாரி போனில், மாற்றம் வேண்டுமானால் குழுவைத் திரும்பக் கூட்டவேண்டும், படத்தில் விட்டுப்போனது என்ன என்று நீங்களே வந்து சொல்லவேண்டும் என்றார். எழுந்து நின்று சொன்னால் ஐந்து நிமிடம். அதன்பின் வெள்ளிக்கிழமை ஒரு கேக். ஆனால் கதவில் பெயர் எழுதவிருக்கும் நேரத்தில் முதல் சொதப்பலா? பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள்.

நிரல் எழுதுகிற எஸ்கிலுக்கு அறுபத்து நான்கு பக்க அட்டவணை போயிற்று. அவன் ஒரே வரியில் பதில் எழுதினான்: 'கை ஈரமாக இருந்தால்?' விபேக்காவும் ஒரே வரியில் முடித்தாள்: 'அட்டவணைப்படி செய்யவும்.'

நவம்பர் வந்தது. அதோடு எப்போதும் வருகிற பக்கவாட்டு மழையும் வந்தது. மீன்சந்தை நிறுத்தத்தில் தினமும் காலையில் ஓர்லாவின் பேருந்துக்குக் காத்திருப்பவர் ஈகோன். சக்கர நாற்காலிக்காரர், பூட்டுக் கடையில் வேலை. புதுத் திரை வந்த முதல் நாள் கதவு திறந்தது, பலகை இறங்கவில்லை. உள்ளே ஓர்லா பல்லால் கையுறையைக் கடித்து இழுத்து, ஈர விரலால் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தார். திரை ஒருமுறை சொன்னபடி கேட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, 'உறுதியா?' என்றது.

"உறுதிடா! அம்மா மேல சத்தியமா உறுதி!" என்று ஓர்லா கத்தியது நடைபாதைவரை கேட்டது.

"ஓர்லா, நான் இன்னிக்கு ஏறணும், ஈஸ்டருக்கு இல்ல" என்றார் மழையில் நனைந்துகொண்டிருந்த ஈகோன்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை ஓர்லாவின் சட்டைப் பையில் விரல் மாதிரி நீண்ட இறைச்சிக் குழல், ஒரு சிவப்பு சாசேஜ் இருந்தது. சந்தை முனைத் தள்ளுவண்டிக் கடையில் வாங்கியது. கையுறையைத் திரை மதிப்பதில்லை, ஆனால் சாசேஜை மனித விரல் என்று நம்பியது. ஓர்லா கையுறைக் கையால் அதைப் பிடித்துப் பட்டியல், கதவுகள், பலகை, உறுதி என்று நான்கு குத்துக் குத்தினார். பலகை இறங்கியது. புதன்கிழமைக்குள் பணிமனையில் பாதிப் பேர் சாசேஜோடு வண்டி ஏறினார்கள். திரைகளில் கொழுப்பு வழிந்தது. ஓர்லா சாசேஜால் திரையைக் குத்துவதை ஈகோன் எடுத்த புகைப்படம் வெள்ளிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அலுவலகக் காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பத்திரிகை மடங்கிக் கிடந்தது. அன்று யாரும் விபேக்காவின் பக்கம் ரொட்டியை நகர்த்தவில்லை.

அந்த ஊரில் மானம் போனால் கூட்டம் போடுவார்கள். காபி, இலவங்கப்பட்டைச் சுருள்ரொட்டி, வட்டமாக நாற்காலிகள். குழு உறுப்பினர்கள், ஓட்டுநர்கள், ஈகோன், எஸ்கிலும் அவன் ஆட்களும், எல்லோரும் ஒரே அறையில். எந்த அறை என்று தெரியாமல் விபேக்காவால் எந்த மாதிரியையும் எடுத்துவர முடியாது. இந்த அறையோ மூன்றும் கலந்தது. படத்தையும், அட்டவணையையும், புதிதாக வெட்டிய அட்டை ஒன்றையும் மூன்று பைகளில் சுமந்து வந்து, எதைத் திறப்பது என்று தெரியாமல் மூன்றையும் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருட வித்தை, அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்ததும் பல்லைக் காட்டிவிட்டது.

ஓர்லா எழுந்தார். கறுப்புக் குப்பைப் பையிலிருந்து அந்தப் பிப்ரவரி அட்டையை உருவினார். மூலை மடங்கியிருந்தது, காபிக்கறை இருந்தது, மூடியும் இருந்தது.

"இந்தம்மா தொட்டியில போட்டுட்டுப் போச்சு. என் மூடியாச்சேன்னு எடுத்து வச்சேன். நாங்க கேட்டது இதான்."

தோவா ராப்யேர் நாற்காலியை இழுத்து அட்டைக்கு முன்னால் போட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கோட்டுப் பையிலிருந்து தன் கம்பளிக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். கை நேராக மூடிக்குப் போயிற்று. திருகினாள்.

"இறங்கிடுச்சு" என்றார் ஈகோன் பின்னாலிருந்து.

தோவா சிரிக்கவில்லை. விபேக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நான் முப்பது வருஷம் திரைச்சீலை தைச்சு வித்தவ. பேப்பர்ல வெட்டிப் பாக்காம ஒருநாள்கூட துணியில கத்திரி வச்சதில்ல. இதை ஏன் எங்களுக்குக் காட்டல?"

"எங்களுக்கும் காட்டல. திருகு வைக்கறது ரெண்டு நாள் வேலை" என்றான் எஸ்கில், யாரையும் பார்க்காமல்.

"அட்டை எல்லாம்... இங்க சரிவராதுன்னு நெனச்சேன்" என்றாள் விபேக்கா.

"சரிவராதா, எங்களுக்குப் புரியாதா?"

விபேக்காவுக்குக் காது மடல் எரிந்தது. அந்த ஒரு நொடி அவள் உண்மையாகவே வெட்கப்பட்டாள் என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். சாம்பல் கோட்டுக்குள் முப்பது வருடம் காகித மாதிரி வெட்டிய கை ஒன்று இருந்திருக்கிறது, கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், அவள் கேட்கவில்லை.

திருகு வைப்பதென்று முடிவாயிற்று. வைத்ததை ஓட்டுநர்கள் உட்கார்ந்து சோதித்துச் சொல்லவேண்டும். திங்கட்கிழமை கெர்ட் அவளைக் கூப்பிட்டார்.

"ஓட்டுநருங்க உன்னோட மறுபடி உட்காரச் சம்மதிச்சா கதவுல உன் பேரு. இல்லன்னா நான் வெளியிலேர்ந்து ஆளைத் தேடிக்கறேன். போ. சொதப்பினதுக்கு என்ன செய்வோம்னு உனக்குத் தெரியும்."

தெரியும். இருபத்திரண்டு வருடம் தின்றவளுக்குத் தெரியாதா? வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மாவு பிசைந்தாள். மனதாரத்தான் பிசைந்தாள். எல்லோரிடமும் போய் நேரில் மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்திருந்தாள். நகர்மன்றத்துக்கு மூன்று அடுக்கு, நடுவில் க்ரீமும் ராஸ்பெரியும், மேலே பாதாம் பசையான மார்சிபான் போர்த்தி, வெள்ளைப் பெட்டியில். எஸ்கில் ஆட்களுக்கு ஒரே அளவில் இருபத்து நான்கு சின்னக் கேக்குகள், என்னென்ன போட்டது என்று அச்சடித்த தாளோடு. ஓட்டுநர்கள் வண்டியில் ஏறுகிற அவசரத்தில் கையால் எடுத்துத் தின்பவர்கள், க்ரீம் எல்லாம் அவர்களுக்குச் சரிவராது. அவர்களுக்கு மேலே எதுவும் பூசாத ஒரு வெண்ணெய் கேக், செய்த தகரத்திலேயே. நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும் என்று ஒரு பழமொழி உண்டு, மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பணிமனைச் சாப்பாட்டு அறையில் தகரத்தை வைத்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காகிதத் தட்டுகள்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

"தப்பு என்னோடதுதான். நீங்க சொன்னது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மன்னிச்சுக்கோங்க. திரும்ப என்னோட உட்காருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். ஒன்றிரண்டு தலைகள் ஆடின. ஓர்லா கத்தியை எடுத்து கேக்கின் மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"நீயே சுட்டதா?"

"நானேதான்."

"மணக்குது." கத்தி அப்படியே இருந்தது. "லிஸ்ஸி சொன்னா, காலையில நாலாம் நம்பர் பஸ்ல வந்தியாம். பெரிய வெள்ளைப் பெட்டி ஒண்ணு மடியில வச்சிருந்தியாம். நகர்மன்றத்துல எறங்கினியாம்."

விபேக்கா லிஸ்ஸியைப் பார்த்தாள். நாற்பது பேருந்து ஓடுகிற ஊரில் யார் எந்தப் பெட்டியோடு எங்கே இறங்கினார்கள் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சீருடை போட்டவர்களின் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது.

"அவங்களுக்கு என்ன கேக் குடுத்தே?" என்றார் ஓர்லா.

அவள் காகிதத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"க்ரீம் வச்சதா?"

"ம்."

ஓர்லா தலையை ஆட்டினார். கோபம் ஒன்றும் இல்லை. கத்தியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். கையுறையைப் போட்டுக்கொண்டார். லிஸ்ஸி எழுந்தாள், மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிகளுக்குப் போனார்கள். கேக் வெட்டப்படாமல் தகரத்திலேயே இருந்தது. வெளியே பத்தேகால் பேருந்து கிளம்பியது. வீட்டுக்குப் போக வேண்டுமானால் அதில்தான் அவள் ஏறியிருக்க வேண்டும்.